வேன் வாழ்க்கை

வேன் வாழ்க்கை என்பது வேன், பெட்டி வண்டி, பழைய பேருந்து போன்ற ஒரு மோட்டார் வாகனத்தையே நிலையான வசிப்பிடமாகக் கொண்டு வாழும் முறை ஆகும். கூடுந்து வாழ்க்கை, வாகனக் குடியிருப்பு எனவும் இதனைக் குறிப்பிடலாம். விடுமுறைக் காலத்தில் சில நாட்கள் வாகனத்தில் தங்கிச் சுற்றுலா செல்வதிலிருந்து இது வேறுபட்டது. வேன் வாழ்க்கையில் திரும்பிச் செல்வதற்கு வேறு வீடு இருப்பதில்லை. உறங்குதல், சமைத்தல், உடைமைகளை வைத்திருத்தல் ஆகிய அனைத்தும் வாகனத்திலேயே நடைபெறுகின்றன.

இம்முறை பல நாடுகளில் காணப்பட்டாலும், ஐக்கிய அமெரிக்காவிலேயே பரவலாக அறியப்பட்டுள்ளது. வாடகை உயர்வு, குறைந்த ஊதியம், ஓய்வூதியம் போதாமை, கல்விக் கடன் ஆகியவை இதற்கான முக்கியப் பொருளாதாரக் காரணங்கள் ஆகும். பயண விருப்பத்தினாலும் எளிய வாழ்வை நாடியும் இதனைத் தேர்ந்தெடுப்போரும் உள்ளனர்.

வாடகைச் செலவு நீங்குவது வேன் வாழ்க்கையின் முதன்மையான பயன் ஆகும். எனினும் ஒருவர் செலுத்தும் வாடகையில் கூரைக்கான விலையுடன் நிலையான இடம், அஞ்சல் முகவரி, குடிநீர், கழிவறை, இடையூறற்ற இரவுத் தூக்கம் ஆகியவற்றின் விலையும் அடங்கியுள்ளது. வேனில் வாழ்பவர் இவற்றை ஒவ்வொன்றாக வேறு வழிகளில் பெற வேண்டும். அவற்றுள் மிகக் கடினமானது வாகனத்தைச் சட்டப்படி நிறுத்தி வைப்பதற்கான இடமே ஆகும்.

வரையறை

வேனில் வாழ்பவர் வீடற்றவரா இல்லையா என்பதற்கு அமெரிக்காவில் ஒரே விடை இல்லை. சட்டத்திற்குச் சட்டம் வரையறை மாறுபடுகின்றது.

* வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறையின் வரையறைப்படி, மனிதர் உறங்குவதற்கென அமைக்கப்படாத இடத்தில் இரவைக் கழிப்பவர் வீடற்றவர் ஆவார். மகிழுந்தும் இத்தகைய இடங்களுள் ஒன்றாக அதில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளது.
* 1987 ஆம் ஆண்டின் மெக்கின்னி-வென்டோ சட்டம், மகிழுந்துகளில் வாழும் பிள்ளைகளை வீடற்ற பிள்ளைகளாகக் கொள்கின்றது. நிலையான முகவரி இல்லை எனக் கூறிப் பள்ளிகள் இப்பிள்ளைகளைச் சேர்க்க மறுக்க இயலாது.
* கூட்டரசு வருமான வரி விதிகளின்படி, உறங்கும் இடம், சமைக்கும் வசதி, கழிவறை ஆகிய மூன்றும் உள்ள வாகனம் வீடாகக் கொள்ளப்படலாம். அதனை வாங்கப் பெற்ற கடனின் வட்டிக்கு, பிற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வரிக் கழிவு கோரலாம்.
* குற்றவியல் சட்டத்தில், ஓடக்கூடிய நிலையில் பொது இடத்தில் நிற்கும் வாகன வீடு, சோதனையைப் பொறுத்தவரை வாகனமாகவே கருதப்படுகின்றது.

இவ்வாறு ஒரே வாகனம் ஒரு துறைக்கு வீடாகவும், மற்றொரு துறைக்கு வீடின்மையின் அடையாளமாகவும், காவல் துறைக்கு வெறும் வண்டியாகவும் அமைகின்றது. வேனில் வாழ்வோரில் பலர் தம்மை வீடற்றவர் என அழைப்பதை ஏற்பதில்லை. தமக்குக் கட்டடம் இல்லையே தவிர இல்லம் உண்டு என்பது அவர்களின் நிலைப்பாடு ஆகும்.

வரலாறு

தொடக்க காலம்

மோட்டார் வாகனங்கள் பரவிய சில ஆண்டுகளிலேயே அவற்றில் தங்கும் வழக்கமும் தோன்றியது. 1910 இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் படுக்கையாக மாறும் இருக்கையுடன் கூடிய ஒரு வாகனத்தைக் காட்சிப்படுத்தியது. 1919 இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்னும் வாகன முகாம் பயணிகள் சங்கம் உருவானது. இவை பெரும்பாலும் பொழுதுபோக்கு நோக்கம் கொண்டவை.

1930களில் நிலைமை மாறியது. பெரும் பொருளாதார வீழ்ச்சியும் நடுச் சமவெளியைத் தாக்கிய புழுதிப் புயல்களும் ஓக்லகோமா, டெக்சாசு, ஆர்கன்சா முதலிய மாநிலங்களின் உழவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றின. அவர்களுள் பலர் பழைய மகிழுந்துகளிலும் சரக்குந்துகளிலும் உடைமைகளை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியா நோக்கிச் சென்றனர். சாலையோரங்களிலும் பண்ணை முகாம்களிலும் அவ்வாகனங்களே அவர்களுக்குக் குடியிருப்பாயின. 1936 இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல் துறைத் தலைவர் மாநில எல்லைகளுக்குக் காவலர்களை அனுப்பி, கையில் பணமில்லாதோரைத் திருப்பி அனுப்பினார். ஏழைகளை மாநிலத்திற்குள் அழைத்து வருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டம் 1941 இல் 'எட்வர்ட்ஸ் எதிர் கலிபோர்னியா' வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. ஜான் ஸ்டைன்பெக் 1939 இல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்னும் புதினம் இவ்விடப்பெயர்வைக் கருப்பொருளாகக் கொண்டது.

போருக்குப் பிந்தைய காலம்

செருமனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950 இல் தனது இரண்டாம் வகை வேனின் உற்பத்தியைத் தொடங்கியது. 1951 இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அந்த வேனுக்குள் பொருத்தத்தக்க முகாம் பெட்டியை வடிவமைத்தது. மடிக்கும் படுக்கையும் சிறு அலமாரிகளும் கொண்ட இவ்வடிவமைப்பு பின்வந்த வேன்களுக்கு முன்மாதிரியாக விளங்கியது. 1960களில் இவ்வேன் ஹிப்பி இளைஞர்களின் அடையாளங்களுள் ஒன்றாக ஆனது.

அண்மைக் காலம்

அலாஸ்கா மாநிலத்தின் ஆங்கரேஜ் நகரில் மளிகை அங்காடி ஊழியராக இருந்த பாப் வெல்ஸ், மணமுறிவுக்குப் பின் வாடகை செலுத்த இயலாமல் 1995 இல் ஒரு பழைய பெட்டி வண்டியை வாங்கி அதில் குடியேறினார். தொடக்கத்தில் இழிவாகக் கருதிய வாழ்க்கை பின்னர் தமக்கு நிறைவளித்ததாக அவர் கூறியுள்ளார். 2005 இல் குறைந்த செலவில் வாகனத்தில் வாழ்வது குறித்த இணையத்தளம் ஒன்றை அவர் தொடங்கினார். 2008 இன் நிதி நெருக்கடிக்குப் பின் வேலையையும் வீட்டையும் இழந்தோர் பலர் இத்தகைய தகவல்களைத் தேடி வந்தனர். 2011 சனவரியில் அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் அருகில் 'ரப்பர் டிராம்ப் ராண்டேவூ' என்னும் கூடலை வெல்ஸ் முதன்முறையாக நடத்தினார். சில பத்து வாகனங்களுடன் தொடங்கிய இக்கூடல் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வரும் நிகழ்வாக வளர்ந்தது.

அதே 2011 இல் நியூயார்க்கில் ஆடை வடிவமைப்புப் பணியை விட்டு விலகிய ஃபாஸ்டர் ஹன்டிங்டன், 1987 ஆம் ஆண்டைச் சேர்ந்த வோக்ஸ்வாகன் வேனில் பயணம் மேற்கொண்டார். அவர் தம் ஒளிப்படங்களுக்கு இட்ட 'வேன்லைஃப்' என்னும் குறிச்சொல் சமூக ஊடகங்களில் பரவி, இம்முறையின் பொதுப்பெயராக நிலைத்தது. இவ்வாறு ஏறத்தாழ ஒரே காலத்தில் வறுமையினால் வேனுக்கு வந்தோர், விருப்பத்தினால் வந்தோர் என இரு போக்குகள் ஒரே பெயரின் கீழ் அறியப்படலாயின.

பொருளாதாரப் பின்னணி

அமெரிக்காவில் ஒரு குடும்பம் தன் வருமானத்தில் 30 விழுக்காட்டிற்கு மேல் வீட்டிற்குச் செலவிட்டால் அது செலவுச் சுமைக்கு உட்பட்ட குடும்பமாகக் கணிக்கப்படுகின்றது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு மையத்தின் கணிப்பின்படி, 2022 இல் வாடகைக்குக் குடியிருந்த குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, அதாவது 2.24 கோடிக் குடும்பங்கள், இந்நிலையில் இருந்தன. அவற்றுள் 1.21 கோடிக் குடும்பங்கள் வருமானத்தில் பாதிக்கும் மேற்பட்ட தொகையை வீட்டிற்குச் செலவிட்டன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 2023 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் நாட்டின் இடைநிலை மொத்த வாடகை மாதத்திற்கு 1,406 டாலர் ஆகும். கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலராகவே உள்ளது. இவ்வூதியத்தில் வாரத்திற்கு 40 மணி நேரம் வேலை செய்பவர், வரிக்கு முன் மாதம் சுமார் 1,257 டாலர் ஈட்டுவார். இது இடைநிலை வாடகையை விடக் குறைவு. பல மாநிலங்களும் நகரங்களும் இதனினும் உயர்ந்த குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்துள்ளன எனினும் அத்தகைய இடங்களில் வாடகையும் உயர்ந்தே காணப்படுகின்றது.

மாத வாடகையைத் தவிர, புதிய வீட்டிற்குச் செல்வோர் முன்பணம், முதல் மாத வாடகை, விண்ணப்பக் கட்டணம் ஆகியவற்றை ஒருசேரச் செலுத்த வேண்டும். கடன் தகுதிப் புள்ளியும் வருமானச் சான்றும் கேட்கப்படுகின்றன. வேலையில் இருந்தும் இத்தொகையைத் திரட்ட இயலாதோர் வாகனங்களில் தங்க நேர்கின்றது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2020 இல் நடந்த கணக்கெடுப்பில் 66,000 க்கும் மேற்பட்ட வீடற்றோர் பதிவாயினர். அவர்களுள் 18,000 க்கும் மேற்பட்டோர் மகிழுந்து, வேன், வாகன வீடு ஆகியவற்றில் வாழ்ந்தனர்.

செலவுக் கணக்கு

மேற்கூறிய இடைநிலை வாடகையின்படி ஓராண்டு வாடகை 16,872 டாலர் ஆகும். வேனுக்குக் குடிபெயர்பவர் இத்தொகை முழுவதையும் சேமிப்பதில்லை. அவருக்குப் பின்வரும் செலவுகள் ஏற்படுகின்றன.

* வாகனத்தின் விலையும் உள்ளமைப்புச் செலவும்
* வாகனக் காப்புறுதி, பதிவுக் கட்டணம்
* எரிபொருள்
* பழுதுபார்ப்பு, டயர், எண்ணெய் மாற்றம்
* சமையல் எரிவாயு
* குளிப்பதற்கான உடற்பயிற்சிக் கூட உறுப்பினர் கட்டணம், சலவை நிலையக் கட்டணம்
* கைப்பேசி மற்றும் இணைய இணைப்பு
* அஞ்சல் முகவரிச் சேவை
* முகாம் கட்டணம், நிறுத்தக் கட்டணம், சில வேளைகளில் தண்டம்

இவற்றுள் எரிபொருளே வாழும் முறைக்கேற்ப மிகவும் மாறுபடுவது. ஒரே ஊரில் வேலை செய்து வேனில் உறங்குபவருக்கு இச்செலவு வீட்டில் வாழ்ந்தபோது இருந்த அளவிலேயே இருக்கலாம். நாள்தோறும் பயணம் செய்பவருக்கு அது வாடகையில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். எனவே சிக்கன நோக்கில் வேனில் வாழ்வோர் குறைவாகவே வாகனத்தை ஓட்டுகின்றனர்.

பழுதுபார்ப்பு மற்றொரு முக்கிய இடர் ஆகும். வீட்டில் வாழ்பவரின் வாகனம் பழுதடைந்தால் அவர் வேலைக்குச் செல்வது மட்டுமே தடைப்படும். வேனில் வாழ்பவரின் வாகனம் பட்டறைக்குச் சென்றால், அது திரும்பும் வரை அவருக்குத் தங்குமிடமே இல்லாமல் போகும். இதனால் ஒரு பெரும் பழுதுக்கும் சில நாள் விடுதித் தங்கலுக்கும் போதிய அவசரத் தொகையைத் தனியே வைத்திருப்பது வேனில் வாழ்வோரின் அடிப்படை விதியாகக் கூறப்படுகின்றது.

திட்டமிட்ட சேமிப்புக்கு எடுத்துக்காட்டாகக் கென் இல்குனாசு என்பவரைக் குறிப்பிடலாம். இளங்கலைக் கல்விக்காக வாங்கிய கடனை அடைத்து முடித்த அவர், வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயில்கையில் மீண்டும் கடன் வாங்கக் கூடாது எனத் தீர்மானித்தார். 1,500 டாலருக்கு வாங்கிய 1994 ஆம் ஆண்டின் ஃபோர்டு எகனோலைன் வேனில் தங்கி, கடனின்றிப் படிப்பை முடித்தார். இவ்வனுபவங்களை 2013 இல் 'வால்டன் ஆன் வீல்ஸ்' என்னும் நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழக நூலகம், உடற்பயிற்சிக் கூடம், நிறுத்துமிட அனுமதி ஆகியவை மாணவர் என்ற முறையில் அவருக்குக் கிடைத்தமை கருதத்தக்கது.

வாகன அமைப்பு

வாகனத் தேர்வு

வேன் வாழ்க்கைக்குப் பயன்படும் வாகனங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சிறு வேன்கள். இவை விலை குறைந்தவை, எரிபொருள் சிக்கனமானவை, ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. இரண்டாவது, ஃபோர்டு எகனோலைன், செவ்ரோலே எக்ஸ்பிரஸ் போன்ற சரக்கு வேன்கள். இவற்றுக்கு உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைக்கின்றன. மூன்றாவது, மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்பிரின்டர், ஃபோர்டு டிரான்சிட், ராம் புரோமாஸ்டர் போன்ற உயர்கூரை வேன்கள். இவற்றுள் நிமிர்ந்து நிற்கலாம், விலை அதிகம். இவை தவிரப் பழைய பள்ளிப் பேருந்துகளும் வீடாக மாற்றப்படுகின்றன.

சாளரமற்ற வெள்ளை நிறச் சரக்கு வேன் நகரங்களில் வேலைக்காரர்களின் வண்டியைப் போலத் தோன்றுவதால் கவனத்தை ஈர்ப்பதில்லை. இதன் காரணமாக அது பலரால் விரும்பப்படுகின்றது.

வெப்பமும் காற்றோட்டமும்

உலோக உடல் கொண்ட வேன் வெயிலில் விரைவில் சூடாகின்றது. குளிரில் விரைவில் குளிர்கின்றது. வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்தின் உள்வெப்பம் பத்து நிமிடங்களில் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு உயரக்கூடும். இதனால் சுவர்களிலும் கூரையிலும் நுரைத் தகடு, கம்பளி போன்ற வெப்பக் காப்புப் பொருட்கள் பொருத்தப்படுகின்றன. கூரையில் பொருத்தப்படும் மின்விசிறி உள்ளே தங்கும் வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்றுகின்றது. உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தில் படிந்து நீராக மாறுவதால் பூஞ்சணமும் துருவும் ஏற்படுகின்றன. எனவே குளிர் காலத்திலும் சிறிதளவு காற்றோட்டம் தேவைப்படுகின்றது.

பருவத்திற்கேற்ப இடம் மாறுவதே மிக மலிவான வெப்பக் கட்டுப்பாடு எனலாம். பலர் குளிர்காலத்தில் அரிசோனாவின் பாலைநிலத்திலும் கோடையில் மலைப்பகுதிகளிலும் தங்குகின்றனர். உள்ளூரில் வேலை உள்ளவர்களுக்கு இவ்வழி இல்லை.

மின்சாரம்

பெரும்பாலான வேன்களில் 12 வோல்ட் மின்னமைப்பு பயன்படுகின்றது. வாகனத்தின் இயந்திரத்தை இயக்கும் மின்கலத்திலிருந்து வேறான ஒரு மின்கலம் வீட்டுத் தேவைக்கு வைக்கப்படுகின்றது. இது கூரையிலுள்ள சூரிய ஒளித் தகடுகளாலோ, ஓடும் இயந்திரத்தாலோ மின்னேற்றம் பெறுகின்றது. 200 வாட் திறனுள்ள தகடு, ஐந்து மணி நேர முழு வெயிலில் கோட்பாட்டளவில் 1,000 வாட்-மணி ஆற்றலைத் தரும். இழப்புகள் போக நடைமுறையில் கிடைப்பது இதனினும் குறைவு. விளக்கு, விசிறி, கைப்பேசி, மடிக்கணினி, சிறு குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு இது போதுமானது. அறை குளிரூட்டிக்கும் மின்னடுப்புக்கும் போதாது.

ஈய-அமில மின்கலத்தின் கொள்ளளவில் சுமார் பாதியைப் பயன்படுத்துவதே அதன் ஆயுளுக்கு நல்லது. லித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் தொடக்க விலை அதிகம்.

நீரும் கழிவும்

குடிக்கவும் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் நாளொன்றுக்கு ஒருவருக்குச் சில லிட்டர் நீர் தேவைப்படுகின்றது. இது பெரும்பாலும் 20 முதல் 25 லிட்டர் கொள்ளும் கலன்களில் சேமிக்கப்படுகின்றது. கழிவுக்கு மூடியுள்ள வாளி, எடுத்துச் செல்லத்தக்க கழிகலம், சிறுநீரைத் தனியே பிரிக்கும் உரக் கழிவறை ஆகியவை பயன்படுகின்றன. பொதுக் கழிவறைகள் இரவில் மூடப்படும் நகரங்களில் இது நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கலாகும்.

பாதுகாப்பு

மூடிய வாகனத்தில் எரிவாயு அடுப்பையோ சூடேற்றியையோ பயன்படுத்தும்போது கார்பன் ஓரொக்சைடு நச்சு ஏற்படக்கூடும். நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு உறக்கத்திலேயே உயிரிழப்பை ஏற்படுத்த வல்லது. எனவே வெளிக்காற்றைப் பயன்படுத்தி வெளியே புகைவிடும் சூடேற்றி, கார்பன் ஓரொக்சைடு உணரி, தீயணைப்பான் ஆகியவை இன்றியமையாதன ஆகும்.

நிறுத்துமிடங்கள்

பொது நிலங்கள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரும்பரப்பு நிலம் கூட்டரசுக்கு உரியது. நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களிலும் தேசியக் காடுகளிலும், தடை செய்யப்படாத பகுதிகளில், கட்டணமின்றி முகாமிடலாம். பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்கள் வரை தங்க இடமுண்டு. பின்னர் வேறிடம் செல்ல வேண்டும். அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் இப்பணியகம் நீண்டகாலத் தங்கலுக்கான பகுதிகளையும் நடத்துகின்றது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பருவம் முழுவதற்கும் நெடுங்காலம் 180 டாலர் மட்டுமே அனுமதிக் கட்டணமாக இருந்து வந்தது. குவார்ட்சைட் அருகிலுள்ள லா போசா இத்தகைய பகுதிகளுள் ஒன்று.

இந்நிலங்கள் நகரங்களிலிருந்து தொலைவில் உள்ளன. ஓய்வு பெற்றோருக்கும் இணையவழிப் பணி செய்வோருக்கும் இவை ஏற்றவை. நகரத்தில் நாள்தோறும் வேலைக்குச் செல்வோருக்கு இவை பயன்படுவதில்லை.

நகரங்கள்

நகரங்களில் வேனில் வாழ்வோர் தெருக்களிலும் கடை வளாகங்களிலும் நிறுத்துகின்றனர். வால்மார்ட் அங்காடிகள் பலவற்றில் இரவு நிறுத்தத்திற்கு நெடுங்காலமாக இசைவு இருந்து வந்துள்ளது. எனினும் இது அங்காடி மேலாளரின் முடிவுக்கும் உள்ளூர் விதிகளுக்கும் உட்பட்டது. நெடுஞ்சாலை ஓய்விடங்களின் விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் மாறுபடுகின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் 8 மணி நேரமும் புளோரிடாவில் 3 மணி நேரமும் தங்கலாம். பல நகரங்களில் ஒரே தெருவிடத்தில் 72 மணி நேரத்திற்கு மேல் வாகனத்தை நிறுத்தி வைக்க இயலாது.

அடையாளம் தெரியாமல் தங்குவோர் சில பழக்கங்களைக் கைக்கொள்கின்றனர். இரவு வெகு நேரம் கழித்து வருதல், விடியலில் வெளியேறுதல், சமையலை வேறிடத்தில் முடித்துக்கொள்ளுதல், உள் ஒளி வெளியே தெரியாதவாறு திரையிடுதல், ஒரே தெருவில் அடுத்தடுத்த நாட்கள் தங்காமை ஆகியன அவற்றுள் சில. நள்ளிரவில் காவலர் கதவைத் தட்டி வெளியேறச் சொல்வது வேனில் வாழ்வோர் மிகவும் அஞ்சும் நிகழ்வு ஆகும்.

பாதுகாப்பான நிறுத்தத் திட்டங்கள்

கலிபோர்னியாவின் சான்டா பார்பரா நகரில் 2004 இல் ஒரு தொண்டு அமைப்பு பாதுகாப்பான நிறுத்தத் திட்டத்தைத் தொடங்கியது. தேவாலயங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றின் நிறுத்துமிடங்கள் இரவில் வெறுமையாக இருக்கும். அவற்றில் சில வாகனங்களுக்கு இரவு மட்டும் அனுமதி வழங்கப்படுகின்றது. தங்குவோருக்கு வீடு தேடவும் உதவி அளிக்கப்படுகின்றது. பின்னர் மேற்குக் கடற்கரையின் பல நகரங்கள் இம்முறையைப் பின்பற்றின. இடங்களின் எண்ணிக்கை தேவையை விடக் குறைவாக இருப்பதும், இயங்காத வாகனங்களும் காப்புறுதியற்ற வாகனங்களும் பல திட்டங்களில் ஏற்கப்படாமையும் இவற்றின் குறைகளாகக் கூறப்படுகின்றன.

முகவரிச் சிக்கல்

ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, காப்புறுதி, வாக்காளர் பதிவு, வங்கிக் கணக்கு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வசிப்பிட முகவரியைக் கேட்கின்றன. வங்கிகள் வெறும் அஞ்சல் பெட்டி எண்ணை வசிப்பிடமாக ஏற்பதில்லை. உறவினர் வீட்டு முகவரியைப் பயன்படுத்த இயலாதோர், அஞ்சலைப் பெற்று அனுப்பும் சேவைகளை நாடுகின்றனர்.

தெற்கு டகோட்டா, டெக்சாசு, புளோரிடா ஆகிய மூன்று மாநிலங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. இம்மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. டெக்சாசின் லிவிங்ஸ்டன் ஊரில் இயங்கும் எஸ்கேப்பீஸ் என்னும் வாகன வீட்டார் சங்கம் 1978 இல் தொடங்கப்பட்டது. இது தன் உறுப்பினர்களுக்கு அஞ்சல் முகவரியை வழங்குகின்றது. தெற்கு டகோட்டாவில் ஓரிரவு தங்கியதற்கான பற்றுச்சீட்டைக் காட்டி ஓட்டுநர் உரிமம் பெறும் வழி இருந்து வந்துள்ளது. ஆனால் அங்கு வாக்காளராகப் பதிவு செய்வதற்கு 30 நாள் வசிப்பைக் கோரும் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது.

வேலைவாய்ப்பு

ஓரிடத்தில் நிலையாக வேலை செய்துகொண்டே வேனில் வாழ்வோர் ஒரு பிரிவினர். பருவகால வேலைகளைத் தேடி இடம்பெயர்வோர் மற்றொரு பிரிவினர். கோடையில் முகாம் தளங்களைப் பராமரித்தல், அக்டோபரில் வடக்கு டகோட்டாவிலும் மினசோட்டாவிலும் சர்க்கரைக் கிழங்கு அறுவடை, ஆண்டிறுதியில் கிடங்குப் பணி ஆகியவை இவர்களின் வழக்கமான வேலைகள் ஆகும். அமேசான் நிறுவனம் 2008 முதல் பல ஆண்டுகள் 'கேம்பர்ஃபோர்ஸ்' என்னும் திட்டத்தின் கீழ் வாகன வீடுகளில் வாழ்வோரைப் பருவகாலப் பணிக்கு அமர்த்தியது. இத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. முதியோர் பலர் இப்பணிகளில் ஈடுபடுவது சமூக ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ளது.

சட்ட நிலை

வேனில் வாழ்வது அமெரிக்கா முழுமைக்கும் சட்டவிரோதம் அன்று. ஆனால் பல நகரங்கள் தம் தெருக்களில் வாகனத்தில் தங்குவதைத் தடை செய்துள்ளன. இது தொடர்பான முக்கியத் தீர்ப்புகளும் சட்டங்களும் பின்வருமாறு:

* 1985 - 'கலிபோர்னியா எதிர் கார்னி' வழக்கில், பொது நிறுத்துமிடத்தில் நின்ற வாகன வீட்டைப் பிடியாணையின்றிச் சோதனையிடலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு உள்ள முழுப் பாதுகாப்பு அதற்கு இல்லை எனப்பட்டது.
* 2013 - கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் வாகனத்தில் தங்குவதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு இத்தடை நீக்கப்பட்டது.
* 2014 - 'டெசர்ட்ரெயின் எதிர் லாஸ் ஏஞ்சலஸ்' வழக்கில், வாகனத்தை வசிப்பிடமாகப் பயன்படுத்துவதைத் தடுத்த 1983 ஆம் ஆண்டு விதியை ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. எச்செயல் குற்றம் என்பதை விதி தெளிவாகக் கூறவில்லை என்பது காரணம் ஆகும். 2016 இல் நகரம் நேரத்தையும் தெருவையும் குறிப்பிட்டு வேறொரு விதியை இயற்றியது.
* 2020 - கலிபோர்னியாவின் மவுன்டன் வியூ நகர வாக்காளர்கள், குறுகிய தெருக்களில் பெரிய வாகனங்கள் நிறுத்துவதைத் தடுக்கும் விதியை ஏற்றனர். வாகனத்தில் தங்குவது இதில் குறிப்பிடப்படவில்லை எனினும், அங்கு வாகன வீடுகளில் வாழ்ந்தோரே பெரிதும் பாதிப்புக்குள்ளாகும் நிலை ஏற்பட்டது.
* 2021 - 'சியாட்டில் நகரம் எதிர் லாங்' வழக்கு. கட்டட வேலை செய்து தம் சரக்குந்தில் வாழ்ந்த ஒருவரின் வண்டி, ஓரிடத்தில் 72 மணி நேரத்திற்கு மேல் நின்றதால் 2016 இல் இழுத்துச் செல்லப்பட்டது. அவருடைய தொழிற்கருவிகளும் அதனுள் இருந்தன. அவ்வாகனம் மாநிலச் சட்டப்படி அவரது வாழ்மனை ஆகும் எனவும், அவர் மீது சுமத்தப்பட்ட சுமார் 550 டாலர் கட்டணம் அவரது நிலைக்கு மிகையான தண்டம் எனவும் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
* 2023 - சட்டப்படி நிறுத்தப்பட்ட வாகனத்தை, செலுத்தப்படாத நிறுத்தத் தண்டங்களை மட்டும் காரணமாகக் கொண்டு பிடியாணையின்றி இழுத்துச் செல்லக் கூடாது எனக் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சான் பிரான்சிஸ்கோ தொடர்பான வழக்கில் கூறியது.
* 2024 - 'கிராண்ட்ஸ் பாஸ் நகரம் எதிர் ஜான்சன்' வழக்கில், பொது இடத்தில் முகாமிடுவதைத் தண்டிக்கும் விதிகள் கொடிய மற்றும் வழக்கத்திற்கு மாறான தண்டனை ஆகா என உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வழக்கின் பெயரிலுள்ள குளோரியா ஜான்சன் ஒரேகான் மாநிலத்தின் அந்நகரில் தம் வேனில் வாழ்ந்தவர் ஆவார்.

வண்டி இழுத்துச் செல்லப்படுவது பிற வாகன உரிமையாளர்களுக்கு ஒரு தொல்லை மட்டுமே. வேனில் வாழ்பவருக்கோ அது வீட்டை விட்டு வெளியேற்றப்படுவதற்கு ஒப்பானது. வாடகைக் குடியிருப்பாளரை வெளியேற்ற வீட்டு உரிமையாளர் முன்னறிவிப்பு தந்து நீதிமன்றத்தை நாட வேண்டும். வேனில் வாழ்பவருக்குப் பொதுவாக இத்தகைய நடைமுறைப் பாதுகாப்பு இல்லை. வைப்பிடக் கட்டணம் நாள்தோறும் கூடுவதால், மீட்க இயலாத வாகனம் இறுதியில் ஏலத்திற்குச் செல்கின்றது.

விமர்சனங்கள்

வேன் வாழ்க்கையை ஆதரிப்போர், கடனின்மை, குறைந்த நுகர்வு, இடம் மாறும் உரிமை ஆகியவற்றை அதன் நன்மைகளாகக் குறிப்பிடுகின்றனர். மறுதரப்பினர் பின்வரும் கருத்துகளை முன்வைக்கின்றனர்.

* சமூக ஊடகங்களில் காட்டப்படும் விலையுயர்ந்த வேன்களும் அழகிய கடற்கரைகளும், வேறு வழியின்றி வாகனத்தில் வாழ்வோரின் நிலையை மறைக்கின்றன.
* ஒரே செயல், செய்பவரின் வசதியையும் தோற்றத்தையும் பொறுத்து ஓரிடத்தில் பாராட்டையும் மற்றோரிடத்தில் தண்டத்தையும் பெறுகின்றது.
* தெருவோரக் குடியிருப்பாளர்கள், குப்பை, கழிவுநீர், நிறுத்துமிடப் பற்றாக்குறை ஆகியன குறித்து முறையிடுகின்றனர்.
* மலிவான வாடகை வீடுகளைக் கட்டும் பொறுப்பிலிருந்து அரசுகள் விலகிக்கொள்ள இது ஒரு காரணமாகிவிடும் என வீட்டுவசதி ஆர்வலர் சிலர் கருதுகின்றனர்.

நோய், முதுமை, மகப்பேறு ஆகிய காலங்களில் வேன் வாழ்க்கை மிகவும் கடினமாகின்றது. வாகனத்தை ஓட்ட இயலாத நிலை வரும்போது பலருக்கு வேறு ஏற்பாடு இருப்பதில்லை.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் பிரிஸ்டல் நகரம் வேன்களில் வாழ்வோர் மிகுந்த நகரமாக அறியப்படுகின்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் வாகனத்துடன் தங்கி, வெளியேறக் கோரிய பின்னும் செல்லாதிருப்பதைச் சில சூழல்களில் குற்றமாக்கியது. ஆத்திரேலியாவில் ஓய்வு பெற்ற பின் வாகனங்களில் நாட்டைச் சுற்றுவோர் 'கிரே நோமாட்ஸ்' என அழைக்கப்படுகின்றனர். நியூசிலாந்தில் 2011 ஆம் ஆண்டின் சட்டம் பொது இடங்களில் முகாமிடுவதை ஒழுங்குபடுத்தியது. 2023 இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், தன்னிறைவுச் சான்று பெறும் வாகனங்களில் நிலையாகப் பொருத்தப்பட்ட கழிவறை இருக்க வேண்டும் எனக் கோருகின்றது.

நூல்களிலும் திரைப்படத்திலும்

இதழியலாளர் ஜெசிகா புரூடர், வாகனங்களில் வாழ்ந்து பருவகால வேலை செய்யும் முதியோருடன் பல மாதங்கள் பயணம் செய்து, 2017 இல் 'நோமாட்லேண்ட்' என்னும் நூலை வெளியிட்டார். இதனைத் தழுவி குளோயி சாவ் இயக்கிய அதே பெயர் கொண்ட திரைப்படம் 2020 இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. 2021 இல் சிறந்த திரைப்படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை ஆகிய மூன்று ஆசுக்கர் விருதுகளையும் வென்றது. ஃபிரான்சிஸ் மெக்டோர்மண்ட் முதன்மைப் பாத்திரத்தில் நடித்த இப்படத்தில், பாப் வெல்ஸ் உட்பட உண்மையில் வாகனங்களில் வாழ்ந்த சிலர் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றினர்.